காலின் அழுத்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

(ஒரு சிற்றூர் வாசகசாலையில் நடந்த மாலைக் கூட்டத்தில் வைத்தியத் தோழர் ஒருவர் பேசியது.)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் மேடைக்கு அவ்வளவாகப் பழக்கப்பட்டதல்ல. எலெக்ஷனைப் பற்றிப் பேசுவதாயிருந்தால் நீங்கள் நடுநிசி வரையிலும் உட்கார்ந்திருப்பீர்கள். காலில் ஓடும் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றால் பாதிப் பேர் நடுவில் எழுந்து வெளியே போய்விடக்கூடும். போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே போய்ப் பீடி மாத்திரம் பற்ற வைக்காதீர்கள். அந்தப் பீடிக்கும் நான் பேச வந்திருக்கும் காலுக்கும் மிக நெருங்கிய சம்பந்தமிருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பிதத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு நெசவாளி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பத்துப் பன்னிரண்டு வருஷமாய் நீரிழிவு. வலது கால் பெருவிரல் ஓரத்தில் செருப்புக் கடித்தது போல் ஒரு சிறு புண். மூன்று வாரமாய் ஆறவில்லை என்றார். நான் அவரைப் படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்தேன். கையில் 150. கணுக்காலில் 165. காலின் எண்ணைக் கையின் எண்ணால் வகுத்தால் 1.10 வருகிறது. புத்தகத்தில் 1.00 முதல் 1.40 வரையில் இருந்தால் சரியான அளவு என்று போட்டிருக்கிறது. ஆகவே நான், "ஐயா, உங்கள் காலுக்கு இரத்தம் நன்றாகப் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை, புண்ணைச் சுத்தமாய் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதங் கழித்து அவர் மகன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தான். பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கணுக்காலில் பார்த்ததோடு நிற்காமல், கால் விரலில் அழுத்தம் அளந்தார்கள். 28 இருந்தது. கையில் 150 இருக்கிற மனிதனுக்குக் கால் விரலில் 28! பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. தறியின் மிதியை மிதித்துப் பிழைத்த கால் அது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டரையா, மிஷின் சரியாகத்தானே சொல்லிற்று, என் தலையெழுத்து இப்படி" என்றார். தோழர்களே, அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. தலையெழுத்து ஒன்றுமில்லை. மிஷின் சொன்னதன் அர்த்தத்தை நான் சரியாய்ப் படிக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

"பெரியவர்கள் சொன்னார்கள், ஆகையால் சரி" என்று சொல்லுகிறவனை நாம் கேள்வி கேட்கிறோம். ஆனால் "மிஷினில் நம்பர் வந்தது, ஆகையால் சரி" என்று சொல்லுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டும் ஒரே ஜாதி நம்பிக்கைதான். நம்பர் எப்படி வந்தது, எதை அளந்தது, எப்பொழுது பொய் சொல்லும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுகிற வரையில் அதற்கு யாதொரு மதிப்பும் கொடுக்க வேண்டியதில்லை.

நிற்க. வியாதி இன்னதென்பதைச் சொல்லுகிறேன். நம்மவர்கள் உடம்பில் குழாய் போல ஓடுவதை எல்லாம் நரம்பு என்றே சொல்லி வருகிறார்கள். காலில் நீலமாய்ச் சுருண்டு புடைத்துத் தெரிவதை நரம்பு சுருட்டல் என்கிறார்கள். அது இரத்தம் இருதயத்துக்குத் திரும்பிப் போகிற குழாயின் கோளாறு. நான் பேசுவது அதையல்ல. இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டு வருகிற குழாய், அதாவது தமனி, உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகிப் போகிற வியாதி. காவேரிப் பாசனத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாய்ச் சொல்லிவிடலாம். உடம்பில் கால்தான் கடைமடை. மேலே வாய்க்கால் தூர்ந்து போனால் முதலில் காய்வது கடைமடைப் பயிர்தான்.

காய்வதன் முதல் அடையாளம் என்னவென்றால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் சதை கவ்விப் பிடிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். இதை முதலில் சரியாய்க் கண்டு எழுதியது மனிதனிடத்திலல்ல, குதிரையினிடத்தில்! 1831-ல் பிரான்சில் பூலே என்ற மிருக வைத்தியர், கொஞ்ச தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டி, நின்றால் சரியாகிவிடுகிற ஒரு வண்டிக் குதிரையைப் பார்த்தார். பிறகு அதை அறுத்துப் பார்த்தபோது தொடைத் தமனி அடைத்திருந்தது. மனிதனுக்கும் அதே சங்கதி உண்டென்று 1858-ல் ஷார்க்கோ என்ற பிரெஞ்சு வைத்தியர் எழுதினார். குதிரைக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரிய இருபத்தேழு வருஷம் ஆயிற்று.

இந்த அடைப்பை வெளியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் நாடி பிடித்துப் பார்க்கலாம். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடி, உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு நாடி. ஆனால் சுகமாய் இருக்கிறவர்களிலேயே சிலருக்குப் பாதத்து மேல் நாடி பிறவியிலேயே கைக்குத் தட்டுப்படாது. தட்டுப்படுகிறது என்று வைத்தியர் நினைப்பது பல சமயங்களில் அவருடைய விரலின் நாடியாகவே இருக்கும். ஆதலால்தான் அழுத்தத்தை அளக்கிற வழி வந்தது.

கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பாதரசத்தில் அழுத்தம் பார்க்கிற கருவியை இத்தாலியில் ரீவா-ரோச்சி என்பவர் 1896-ல் செய்தார். பட்டைக்குக் கீழே குழல் வைத்துச் சத்தம் கேட்டு அளக்கும் முறையை 1905-ல் ருஷியாவில் கொரோட்காவ் என்ற ரண வைத்தியர் சொன்னார். கைக்கும் கணுக்காலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துக் கால் தமனி வியாதியைக் காட்டலாம் என்று 1950-ல் வின்ஸர் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதினார். கணுக்காலில் சாதாரணக் குழலை வைத்தால் சத்தம் சரிவரக் கேட்காது. அந்தக் குறையைத் தீர்த்தது டாப்ளர் கருவி. ஓடுகிற பொருளிலிருந்து வரும் அலையின் சுருதி மாறும் என்று 1842-ல் டாப்ளர் என்பவர் சொன்ன தத்துவத்தை வைத்து, இரத்தம் ஓடும்போது 'உஷ், உஷ்' என்று காதில் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். இந்தக் கருவியை வைத்துக் கணுக்காலின் அழுத்தத்தையும் கையின் அழுத்தத்தையும் ஒப்பிடும் வழியை 1969-ல் லண்டனில் யாவோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நன்றாய் நிலைநாட்டினார்கள். அதுவே இன்று உலகமெங்கும் கையாளப்பட்டு வருகின்றது.

கணக்கு மிகச் சுலபம். கிட்டி அடித்து விளையாடுகிற பையன்கூடப் போட்டுவிடுவான். ஒரு மனிதன் மல்லாந்து படுத்திருக்கும்போது, அவன் சுகமாயிருந்தால், கணுக்காலின் மேல் அழுத்தம் கையில் உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆகவே காலைக் கையால் வகுத்தால் ஒன்றோ அதற்குக் கொஞ்சம் மேலோ வரவேண்டும். 0.90-ம் அதற்குக் கீழும் வந்தால் தமனி வியாதி. 0.91 முதல் 0.99 வரை சந்தேகக் கேஸ். 1.40-க்கு மேலே போனால் குழாய் விறைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். உதாரணமாய்க் கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.60. அந்த மனிதன் கடைத்தெருவுக்குப் போய்வர இரண்டு இடத்தில் நிற்கிறான் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இவ்வளவு சுலபமான, கத்தியும் ஊசியும் இல்லாத, செலவு குறைந்த பரீட்சை வைத்தியத்தில் வேறு அதிகம் கிடையாது. இதை நான் குறை சொல்ல வரவில்லை. இதன் வார்த்தையை எப்போது நம்புவது, எப்போது நம்பாமலிருப்பது என்பதே என் பேச்சு.

முதலாவது, அளக்கிறவன் செய்யும் கோளாறு. நான் நேரில் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். நோயாளி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த மூச்சு அடங்குமுன் படுக்கவைத்துப் பட்டையைக் கட்டுவார்கள். குறைந்தது ஐந்து நிமிஷம், கூடுமானால் பத்து நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில இடங்களில் நாற்காலியில் உட்காரவைத்தே கணுக்காலில் அளக்கிறார்கள். உட்கார்ந்தால் இருதயத்துக்கும் கணுக்காலுக்கும் உள்ள உயரத்து இரத்தத்தின் எடையும் சேர்ந்துகொண்டு காலின் எண்ணை ஏற்றிவிடும். தண்ணீர்த் தொட்டி உயர உயரக் குழாயில் வேகம் அதிகமாகும் என்பது நமக்குத் தெரியாததா? பட்டை அகலம் போதாமலிருந்தால் எண் ஏறும். பீடி குடித்தவுடன் அளந்தால் மாறும். அறை குளிர்ந்திருந்தால் மாறும்.

ஒரு கையில் மட்டும் பார்ப்பது இன்னொரு தப்பு. ஒரு மனிதனுக்கு வலக் கையில் 120, இடக் கையில் 150 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலக் கைக்குப் போகும் குழாயே குறுகிப் போயிருந்தால் இப்படி இருக்கும். இவனுக்குக் கணுக்காலில் 120. வலக் கையோடு ஒப்பிட்டால் 1.00, சுகவாசி. இடக் கையோடு ஒப்பிட்டால் 0.80, நோயாளி. அதே மனிதன், அதே நிமிஷம்! அதனால்தான் இரண்டு கையிலும் பார்த்து, அதிகமுள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

கணுக்காலிலும் இரண்டு தமனி இருக்கிறதென்று சொன்னேன். ஒன்றில் 118, மற்றொன்றில் 96, கையில் 124 என்றால் எதை எடுப்பது? பெரியதை எடுத்தால் 0.95. சிறியதை எடுத்தால் 0.77. வழக்கமாய்ப் பெரியதை எடுக்கச் சொல்லுகிறார்கள். சிறியதை எடுத்தால் வியாதியஸ்தர்களைத் தப்பவிடுவது குறையும். ஆனால் சுகமாயிருக்கிறவர்கள் சிலரையும் வியாதியஸ்தர் என்று பிடித்துக்கொள்ளும். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் கெண்டையோடு கூளமும் சேர்ந்துதானே வரும்? இது விஷயத்தில் எது தெய்வ வாக்கு என்று ஒன்றுமில்லை. எதை எடுத்தார்கள் என்பதையாவது சீட்டில் எழுதவேண்டும். பெரும்பாலும் எழுதுவதில்லை.

அன்றியும், ஒரே ஆளை இன்றைக்கும் நாளைக்கும் அளந்தால் ஒரே எண் வராது. 0.15 அளவுக்காவது மாறினால்தான் மெய்யாகவே மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, போன மாதம் 0.88, இந்த மாதம் 0.94, என் லேகியத்தினால் அடைப்புக் கரைந்தது என்று விளம்பரம் செய்கிறவர்களுடைய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்லுவது!

தானாகவே காற்றடித்து நம்பர் காட்டும் மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் அளக்க அது சௌகரியந்தான். காலில் அழுத்தம் மிகவும் இறங்கிப்போன இடத்தில் அதற்குத் துடிப்பே பிடிபடாது. சில சமயம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும். அதாவது எந்த நோயாளிக்கு நம்பர் மிக அவசியமோ அந்த நோயாளியிடத்தில்தான் அது தடுமாறும். ஆகையால் கூடிய வரையில் டாப்ளரே நல்லதென்று அமெரிக்க இருதய சங்கத்தார் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள்.

இவை எல்லாம் கவனமாய் இருந்தால் திருத்திக்கொள்ளக் கூடியவை. இனிச் சொல்லப்போவது எவ்வளவு கவனமாய் அளந்தாலும் திருந்தாதது. என் நெசவாளியை ஏமாற்றியதும் இதுதான்.

பட்டையால் நாம் எதை அளக்கிறோம்? குழாய்க்குள்ளே இருக்கும் அழுத்தத்தை நேரே அளப்பதில்லை. வெளியிலிருந்து எவ்வளவு அமுக்கினால் குழாய் மூடிக்கொள்ளுகிறதோ, அவ்வளவுதான் உள்ளே இருக்கிறதென்று ஊகிக்கிறோம். பிள்ளைகள் பப்பாளி இலைத் தண்டை ஊதி விளையாடுவார்கள். அதை இரண்டு விரலால் அமுக்கினால் மூடிக்கொள்ளும். அதே அமுக்கை ஒரு மூங்கில் குழாயின்மேல் காட்டினால் மூடிக்கொள்ளுமா? உள்ளே ஓடுவது சொட்டுத் தண்ணீராயிருந்தாலும் மூடாது. நீரிழிவுக்காரர்களுக்கும், மூத்திரக் காய் கெட்டுப் போனவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும் கால் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு ஏறி மூங்கிலாகிவிடுகிறது. இதை 1903-ல் மென்கபெர்க் என்ற ஜெர்மன் வைத்தியர் விவரித்தார். இவர்களிடத்தில் பட்டை காட்டுகிற எண் இரத்தத்தின் வேகத்தைச் சொல்லுவதில்லை. சுவரின் முரட்டுத்தனத்தைச் சொல்லுகிறது.

1.40-க்கு மேலே போனால் விறைப்பு என்றுதான் புத்தகத்தில் எச்சரித்திருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் சூது இருக்கிறது. 1.60 வந்தால் எந்த வைத்தியனும் விழித்துக்கொள்வான். ஆனால் குழாய் விறைத்தும் இருக்கிறது, அடைத்தும் இருக்கிறதென்றால் என்ன ஆகும்? அடைப்பு எண்ணைக் கீழே இழுக்கும். விறைப்பு அதை மேலே தூக்கும். இரண்டும் சேர்ந்து 1.10-ல் வந்து நிற்கும். இரண்டு திருடர்கள் சேர்ந்து ஒரு சாது வேஷம் போட்டுக்கொண்டது போல! என் நெசவாளியின் கணுக்காலில் 165 காட்டியது இந்த வேஷந்தான். அவருக்குப் பத்து வருஷ நீரிழிவு, ஆறாத புண் என்ற இரண்டு சாட்சிகள் என் கண்முன் இருந்தும், நான் மூன்றாவது சாட்சியான நம்பரை மட்டும் நம்பினேன்.

இதற்கு மாற்று என்னவென்றால் கால் விரலில் அளப்பது. விரலிலுள்ள சின்னக் குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறுவதில்லை. பெருவிரலுக்கென்று ஒரு குட்டிப் பட்டை இருக்கிறது. விரலின் எண்ணைக் கையின் எண்ணால் வகுத்தால் 0.70-க்கு மேலிருக்க வேண்டும். அவருக்கு 28-ஐ 150-ஆல் வகுத்தால் 0.19. விரலில் 30-க்குக் கீழே போனால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அன்றைக்கே இதை அளந்திருந்தால், அடைப்பைத் திறக்கவோ, மாற்றுக் குழாய் வைக்கவோ இரண்டு மாத அவகாசம் கிடைத்திருக்கும்.

இரண்டாவது ஏமாற்றம். குழாய் பாதிக்கு மேல் குறுகினால்தான் சும்மா படுத்திருக்கும்போது அழுத்தம் இறங்கும். அதற்குக் குறைவாய் இருந்தால், நடக்கும்போது வலித்தாலும், படுத்தால் எண் சரியாயிருக்கும். இப்படிப்பட்டவரை நடக்கவைத்து உடனே அளக்க வேண்டும். ஓய்வில் இருந்த விகிதத்திலிருந்து நூற்றுக்கு இருபதுக்கு மேல் இறங்கினாலோ, கணுக்கால் அழுத்தம் 30-க்கு மேல் குறைந்தாலோ வியாதி உண்டு. படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு வலி மனப்பிராந்தி" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஓடும்போது நொண்டுகிற குதிரையை லாயத்தில் கட்டிவைத்துப் பரிசோதித்தால் நொண்டுமா?

மூன்றாவது பீடிக்காரர்கள். 1908-ல் அமெரிக்காவில் பர்கர் என்ற வைத்தியர் விவரமாய் எழுதிய ஒரு தமனி வியாதி இருக்கிறது. அது கிழவர்களைப் பிடிப்பதில்லை. முப்பது நாற்பது வயதுள்ள, புகையிலை பிடிக்கிற ஆண்களைப் பெரும்பாலும் பிடிக்கிறது. நம் தேசத்துப் பீடிக்காரர்களிடத்தில் தாராளமாய்க் காணப்படுகிறது. அது பெரிய குழாயை விட்டுவிட்டு, பாதத்திலும் விரலிலும் உள்ள சிறிய குழாய்களிலிருந்து ஆரம்பிக்கும். கணுக்காலுக்குக் கீழேயே அடைப்பு இருந்தால் கணுக்காலில் கட்டிய பட்டைக்கு அது எப்படித் தெரியும்? கணுக்கால் எண் சரியாயிருக்க, விரல் அழுகிக்கொண்டிருக்கும். இந்த வியாதிக்கு முக்கிய மருந்து பீடியை அடியோடு விடுவது. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் என்ற பேரம் இங்கே செல்லாது.

சரி, மொத்தத்தில் இந்தப் பரீட்சை எவ்வளவு சரி? 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, எட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 0.90 என்ற கோட்டைப் படம் எடுத்துப் பார்த்ததோடு ஒப்பிட்டது. குழாய் பாதிக்கு மேல் அடைத்தவர்கள் நூறு பேரில் இந்தப் பரீட்சை கண்டுபிடித்தது, ஒவ்வோர் ஆராய்ச்சியிலும் ஒவ்வொரு விதமாய், 15 பேரிலிருந்து 79 பேர் வரையில். முக்கியமாய் வயோதிகர்களிடத்திலும் நீரிழிவுக்காரர்களிடத்திலும் தப்பவிட்டது அதிகம். ஆனால் அடைப்பில்லாதவர்கள் நூறு பேரில் 83 முதல் 99 பேர் வரையில் சரியாகவே 'இல்லை' என்று சொல்லிற்று. இதன் தாத்பரியம் என்ன? "வியாதி இருக்கிறது" என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்று சொன்னால் அவ்வளவு சுலபமாய் நம்பிவிடக் கூடாது. 2016-ல் காக்ரேன் என்ற ஆராய்ச்சிக் கூட்டத்தார், நடந்தால் கால் வலிக்கிறவர்களிடத்தில் இந்தப் பரீட்சை எவ்வளவு சரியென்று உலகத்திலுள்ள கட்டுரைகளை எல்லாம் சலித்தெடுத்தார்கள். அவர்களுடைய சல்லடையில் தங்கியது ஒரே ஓர் ஆராய்ச்சி! இத்தனை வருஷமாய், இத்தனை லட்சம் கால்களில் அளந்து வரும் ஒரு பரீட்சைக்கு அத்தாட்சி இவ்வளவுதான் என்றால் நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா? அளந்துகொண்டேயிருந்தோம், அளவுகோலை அளக்க மறந்துவிட்டோம்.

"இருக்கிறது என்றால் நம்பலாம்" என்றேனே, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. யாரிடத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பரீட்சை நோயாளி நூறு பேரில் 75 பேரைப் பிடிக்கிறது, சுகவாசி நூறு பேரில் 10 பேரைத் தப்பாய்ப் பிடிக்கிறது. யாதொரு தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரை ஊர்ச் சாவடியில் கூட்டிவைத்து அளக்கிறோம். அவர்களில் மெய்யாய் வியாதி உள்ளவர் 40 பேர். அவர்களில் 30 பேர் அகப்படுவார்கள். மீதி 960 சுகவாசிகளில் 96 பேரும் சேர்ந்து அகப்படுவார்கள். ஆக, வியாதிச் சீட்டு வாங்கிய 126 பேரில் நாலில் ஒருவருக்குத்தான் வியாதி. மற்றவர்கள் வீணாய்ப் பயந்து, படம் எடுக்கப் பணம் புரட்ட வேண்டும். இப்பொழுது அதே பரீட்சையை, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிற, நெடுநாளாய்ப் புகைபிடிக்கிற நூறு பேரிடத்தில் செய்வோம். அவர்களில் 60 பேருக்கு வியாதி என்று வைத்தால், 45 பேர் அகப்படுவார்கள். சுகவாசி 40 பேரில் 4 பேர் தப்பாய் அகப்படுவார்கள். 49-ல் 45 சரி. கருவி மாறவில்லை, கட்டியவன் மாறவில்லை, ஆள்கள்தான் மாறினார்கள். அமெரிக்காவில் தடுப்பு வைத்தியத்துக்கு ஆலோசனை சொல்லும் பணிக்குழு 2013-லும் 2018-லும், தொந்தரவில்லாத எல்லாருக்கும் இதைச் செய்வதால் லாபம் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு யோக்கியதை வேண்டும். அதை நான் பாராட்டுகிறேன்.

நம்மூர்ச் சங்கதிக்கு வருவோம். 2000-ல் சென்னை ஜனங்களிடத்தில் செய்த ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இந்த விகிதத்தை வைத்தே பார்த்ததில், மொத்தம் நூற்றுக்கு 3.2 பேருக்கும், நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கும் கால் தமனி வியாதி இருந்தது. மேல்நாட்டாரைவிட நமக்கு இது குறைவு என்று சிலர் திருப்திப்படுகிறார்கள். குறைவாகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மூங்கில் குழாய்க்காரர்கள் எத்தனை பேர் சாது வேஷத்தில் தப்பிப் போனார்கள் என்பதை அந்தக் கணக்கு எப்படிச் சொல்லும்? நீரிழிவுக்காரரிடத்தில்தான் பரீட்சை கண் மங்கிப் போகிறது. நீரிழிவுக்காரரோ நம்மிடத்தில் ஏராளம்.

இவ்வளவும் சொன்னதனால் "அப்படியானால் இந்தப் பரீட்சையே வேண்டாம்" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். எண் குறைந்து வந்தால் அது காலைப் பற்றி மாத்திரம் சொல்லுவதில்லை. 2008-ல் பதினாறு ஆராய்ச்சிகளை, 48,000-க்கு மேற்பட்ட ஜனங்களை, ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தார்கள். விகிதம் 0.90-ம் அதற்குக் கீழும் உள்ளவர்கள், மற்ற காரணங்களை எல்லாம் கழித்துப் பார்த்தாலும், பத்து வருஷத்துக்குள் சாவது ஏறக்குறைய இரண்டு பங்காக இருந்தது. கடைமடை காய்ந்தால் தலைமடையிலும் கோளாறு உண்டென்றுதான் அர்த்தம். கால் குழாயில் படிந்ததே இருதயத்திலும் மூளையிலும் படிந்திருக்கும். ஆகவே குறைந்த எண் வந்தவர் புகையிலையை விட்டு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரத்தக் கட்டியைத் தடுக்கும் மாத்திரையும் வைத்தியர் சொன்னபடி சாப்பிட்டு, வலி வருகிற வரையில் நடந்து, நின்று, மறுபடி நடந்து பழகினால் காலுக்கும் நல்லது, இருதயத்துக்கும் நல்லது.

என் கையில் மூன்று துண்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "ஊர் முகாமில் இரண்டு நிமிஷத்தில் மிஷின் வைத்து 1.2 என்று சீட்டுக் கொடுத்தார்கள், எனக்குப் பதினைந்து வருஷமாய்ச் சர்க்கரை, என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம். இன்றிரவே விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ, நிற மாறுதலோ இருந்தால் காலையில் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "கால் விரலில் அழுத்தம் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொருவர், ஆறாத புண்ணுக்கு மந்திரித்த கயிறு கணுக்காலில் கட்டியிருப்பதாகவும் அது கெடுதல் செய்யுமா என்றும் கேட்கிறார். அடைபட்ட வாய்க்காலின் குறுக்கே ஒரு வரப்பும் போட்டால் என்ன நன்மையோ அதுதான். கயிறு இறுக்கமாயிருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள்.

மூன்றாவது கடிதம், "மேஜைமேல் வைத்திருக்கும் கருவியைப் போட்டுக் காட்டுவீர்களா?" என்பது. அதற்குத்தான் கொண்டு வந்திருக்கிறேன். இந்த டாப்ளரைக் கணுக்காலில் வைத்தால் உங்கள் இரத்தம் ஓடுகிற சத்தத்தை நீங்களே கேட்கலாம். இரண்டு பேர் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பெஞ்சில் பத்து நிமிஷம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். கடந்த இரண்டு மணி நேரத்தில் பீடி குடித்தவர்கள் மட்டும் வரவேண்டாம். என்ன, பின் வரிசையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டீர்களே?